லிஃப்ட்காரர் போட்ட பூட்டு

லிஃப்ட்காரரின் இடுப்புப் பட்டையில் எப்போதும் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கும். ரிப்பேர் என்று கூப்பிட்டால் அவர் முதலில் போய் நிற்பது லிஃப்டுக்கு முன்னால் அல்ல, மெயின் சுவிட்சுக்கு முன்னால். அதை அணைத்து, அந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்ட பிறகுதான் லிஃப்ட் ஏறி இறங்கும் குழிக்குள் தலையை நீட்டுவார். வேலை முடிந்ததும் அவரே வந்து திறப்பார். வேறு யாரும், கம்பெனி முதலாளியே ஆனாலும், அதில் கை வைக்கக் கூடாது. போட்டவர்தான் எடுக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் விதி.

அவருக்கு அது வேதவாக்கு. காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பூட்டெல்லாம் எதற்கு என்று அவரும் அலட்சியமாக இருந்தவர்தான். ஒருநாள் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஐந்தாவது மாடிக்காரர் ஒருவர் பொறுமையிழந்து தானே போய் சுவிட்சைப் போட்டுவிட்டார். கூண்டு கிளம்பியது. இவர் கையை நீட்டி நிறுத்தும் பொத்தானை அமுக்கியதால் உயிர் தப்பினார். அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவர் ஒரு வாய்கூட வைக்காமல் எழுந்துவிட்டார். மறுநாள் பூட்டு வந்தது.

பூட்டு இடுப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டதுதான் வம்பு. ஒரு முறை வெள்ளையடிக்கிறேன் பேர்வழி என்று சாமான் எல்லாவற்றையும் கூடத்தின் நடுவில் குவித்தார். அன்றே எங்கோ ஒரு லிஃப்ட் பாதியில் நின்றது, ஓடினார். பிறகு இன்னொன்று நின்றது. மாதக்கணக்கில் மேசையும் நாற்காலியும் கூடத்தின் நடுவிலேயே கிடந்தன. மனைவி ஒரு நாற்காலியை நகர்த்தப் போனால், "விடு, போட்டது நான், நானே எடுக்கிறேன்" என்பார். அவளும் சாமானைச் சுற்றிச் சுற்றி நடந்தே அந்த வருஷத்தைக் கழித்தாள்.

மகளையும் அவர் அப்படித்தான் வளர்த்தார். சின்ன வயதில் அவள் ஆசைப்பட்டு நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள். நாலாவது நாளே தண்ணீரைக் கண்டு பயந்து, வேண்டாம் என்று அழுதாள். "நீதானே சேர்ந்தே? நீயே போய் மாஸ்டர்கிட்ட சொல்லிட்டு வா" என்றார் அப்பா. மாஸ்டருக்குப் பெரிய தொண்டை. அவரிடம் சொல்லப் பயந்தே குழந்தை நீச்சல் கற்றுக்கொண்டுவிட்டது. இதைப் பெருமையாகப் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பார் மனுஷன்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவருக்குத் தலைகுனிவுதான். மகள் பிறந்தபோது அவர் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் லிஃப்டுக்குள் இருந்தார், அவள் பிறந்த ஆஸ்பத்திரி அல்ல. பள்ளிக்கூட விழா எதற்கும் போனதில்லை. அவளுடைய கல்யாணத்தன்றுகூட, மண்டபத்து லிஃப்டில் மாப்பிள்ளை வீட்டார் ஆறு பேர் மாட்டிக்கொள்ள, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனவர் திரும்பி வந்தபோது சாப்பாட்டுப் பந்தியே முடிந்திருந்தது. கல்யாண ஆல்பத்தில் மகளுக்குப் பக்கத்தில் அம்மா இருப்பாள், அம்மாவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கும்.

அதனால்தான், வெளியூரில் இருக்கும் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, நாள் ஆவதற்கு முன்பே அவசரப்பட்டுப் பிறந்துவிட்டது, உள்ளங்கை அகலத்துக்குத்தான் இருக்கிறது என்று செய்தி வந்ததும், லிஃப்ட்காரர் போனிலேயே வாக்குக் கொடுத்தார். "குழந்தை வீட்டுக்கு வந்ததும் நானும் அம்மாவும் வர்றோம். ஒரு மாசம் இருக்கோம். உலகமே தலைகீழா நின்னாலும் வர்றோம்." அன்றே டிக்கெட் எடுத்தார். லீவும் போட்டார். அவர் லீவு கேட்டதைப் பார்த்து ஆபீஸில் எல்லோருக்கும் மயக்கம் வராத குறை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் காய்ச்சல் கிளம்பியது.

முதலில் எங்கோ ஒரு தெருவில் என்றார்கள். பிறகு பக்கத்துத் தெருவில் என்றார்கள். இருமலோடு வருகிறதாம், மூச்சை அடைக்கிறதாம், பெரியவர்களைப் படுக்கவைத்துவிட்டுப் போகிறதாம், கைக்குழந்தைகளை மட்டும் விடுவதில்லையாம். பஸ் ஓடியது, ரயில் ஓடியது. யாரும் எதையும் நிறுத்தவில்லை. தேவையென்றால் மட்டும் பயணம் செய்யுங்கள் என்று டிவியில் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். இந்தத் 'தேவையென்றால்' என்பதைக் கண்டுபிடித்த புண்ணியவானைக் கூப்பிட்டு நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வேண்டும். பேத்தியைப் பார்ப்பது தேவையா, இல்லையா? யாரிடம் போய்க் கேட்பது?

வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. சாப்பிடும்போது டிவி ஓடும்.

"என்ன சொல்றாங்க?" என்பார் அவர்.

"இன்னும் பரவுதாம்."

"ம்."

"ம்" என்பாள் அவளும்.

அவ்வளவுதான். அலமாரிக்கு மேலிருந்த பெட்டியை அவள் இறக்கிக் கூடத்து மூலையில் வைத்தாள். தினமும் அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அதைப் பார்த்தும் பார்க்காதது போல் அவர் டிவி பக்கம் திரும்பிக்கொள்வார். போனால், தன் சட்டையிலோ மூச்சிலோ எதையாவது கொண்டுபோய் அந்தப் பிஞ்சின் தலையில் கட்டிவிடுவோமோ என்ற பயம். நாளெல்லாம் நாலு பேர் இருமிய லிஃப்டுக்குள் நின்று வேலை பார்க்கிற ஆள் அவர். போகாவிட்டால், அப்பா இந்தத் தடவையும் ஏமாற்றிவிட்டார் என்று மகள் நினைப்பாளே என்ற வேதனை. இவளாவது வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று மனைவியின் முகத்தைப் பார்ப்பார். அவள் பெட்டியின் கொக்கியைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

அதற்கு நடுவில் ஒருநாள் மாப்பிள்ளை கூப்பிட்டார். அதுவே அதிசயம். அவராகப் போன் செய்கிற வழக்கம் கிடையாது.

"மாமா, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன் மாப்பிள்ளை."

"அத்தை?"

"அவளும் நல்லா இருக்கா."

யாரோ பக்கத்தில் கிசுகிசுப்பது போல் கேட்டது. பிறகு மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, "அங்க... லிஃப்ட் எல்லாம் எப்படி மாமா ஓடுது?" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் தன் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லையே என்ற குறை லிஃப்ட்காரருக்கு உண்டு. குளிர்ந்துபோனார். புதிதாக வந்திருக்கும் பிரேக்கைப் பற்றி விலாவாரியாக எடுத்துச் சொன்னார். மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் "அப்படியா மாமா" போட்டார். போனை வைத்த பிறகுதான், எதற்குக் கூப்பிட்டார் என்று கேட்கவில்லையே என்று உறைத்தது.

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, பத்துமாடிக் கட்டடம் ஒன்றிலிருந்து ஆபீஸுக்கு ஒரே புகார். லிஃப்ட் முந்தின நாளிலிருந்து ஓடவில்லை. அங்கே வேலைக்குப் போயிருந்தவர் மீசை. மனைவி சொல்லி மீசையை எடுத்து வருஷக்கணக்கு ஆகியும் பெயர் மட்டும் முகத்தைவிட்டுப் போகாத சக தொழிலாளி. வேலைக்கு நடுவில் அவருக்குக் குளிர் தூக்கிப் போட, வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். சுவிட்சில் அவருடைய பூட்டு. சாவி அவருடைய சட்டையில். என்னவென்று பார்க்க லிஃப்ட்காரரை அனுப்பினார்கள்.

அவர் போனபோது படிக்கட்டு முழுக்க ஜனம். நாலாவது மாடித் திருப்பத்தில் ஒருவர் இரண்டு கையிலும் பைகளோடு உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முகத்தை மூடிக் கட்டியிருந்த ஒரு பெண், தோளில் கைக்குழந்தையும் ஒரு கையில் கைப்பிடியுமாக, ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறங்கி வந்தாள். கீழே வந்து சேர்ந்ததும் வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருங்க அந்தப் பூட்டைப் போட்டது?"

"அவருக்கு உடம்பு சரியில்லம்மா. போட்டவர்தான் வந்து எடுக்கணுமாம்."

"அவர் வர்ற வரைக்கும் நாங்க இப்படியே ஏறி இறங்கணுமா? நான் வரல, எடுத்துடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு என்ன கஷ்டம்?"

லிஃப்ட்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிவந்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் குழந்தை அவரைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டது.

ஓரமாகப் போய் மீசைக்குப் போன் போட்டார்.

"உள்ள யாரும் இல்லண்ணே. கடைசியா நான்தான் வெளிய வந்தேன். பூட்டை வெட்டிடுங்க" என்றார் மீசை, பாதிக் குரலில்.

"இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"நீங்க திட்டுவீங்கன்னுதாண்ணே சொல்லல. போட்டவன்தான் எடுக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க. காய்ச்சலோடயே எழுந்து வந்துடலாம்னு சட்டையைக் கூட மாட்டினேன். கால் நிக்கல."

லிஃப்ட்காரருக்குச் சுரீர் என்றது. இந்த உடம்போடு கிளம்பி, பஸ் ஏறி, அந்தக் கைக்குழந்தை இருக்கிற வாசலுக்கு வந்திருப்பான். எதற்கு? தன் வாய்க்குப் பயந்து.

பூட்டுப் போட்டவரால் வர முடியாதபோது, அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்டு, உள்ளே யாரும் இல்லை என்று பார்த்து, பூட்டை வெட்டலாம் என்று விதியிலேயே இருக்கிறது. லிஃப்ட்காரருக்கும் அது தெரியும். அந்த வரியை மட்டும் அவர் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. டார்ச் அடித்துக் குழியைப் பார்த்தார், கூண்டின் மேலே பார்த்தார், குரல் கொடுத்தார். மீசையின் பூட்டை வெட்டினார். தன் பூட்டைப் போட்டு மிச்ச வேலையை முடித்து, முதலில் தானே ஏறி மேலே போய் வந்தார். எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு லிஃப்டுக்குள் போன பிறகு, காலியான படிக்கட்டில் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை.

"நாங்க இப்ப வரலம்மா. டிக்கெட்டைக் கேன்சல் பண்றேன்."

அந்தப் பக்கம் விசும்பல்.

"அழாதம்மா. அப்பா எப்பவும் இப்படித்தான்னு நினைக்காத. எனக்கு வரணும்னுதான்..."

"ஐயோ அப்பா, நான் அதுக்கு அழல!" என்றாள் மகள். "டாக்டர் போன வாரமே சொல்லிட்டாங்க. பாப்பா இன்னும் எடை ஏறல, வெளியில இருந்து யாரையும் உள்ள விடாதீங்கன்னு. உங்ககிட்ட எப்படிப்பா சொல்வேன்? வாழ்க்கையில முதல் தடவையா வர்றேன்னு சொல்லியிருக்கீங்க. என் வாயால வராதீங்கன்னு சொல்ல முடியுமா? ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லப்பா."

"மாப்பிள்ளையாவது சொல்லியிருக்கலாமே?"

"அவரைப் பக்கத்துல நின்னு தள்ளிவிட்டது நான்தானே! போனை வெச்சுட்டு வந்து, 'பிரேக் பத்தி எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேன்'னாரு."

லிஃப்ட்காரர் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவளும் அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சத்தத்தில் எழுந்த குழந்தை வீல் என்று கத்தியது. பூனைக்குட்டி மாதிரி இருந்தது குரல். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். "சரி" என்றாள் அவள், ஒரு பெருமூச்சோடு. பாவம், எவ்வளவு ஆசையாக அடுக்கி வைத்தாளோ என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. பெட்டியைத் தானே எடுத்து வைக்கலாம் என்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தூக்குத் தூக்கினார். அது விருட்டென்று மேலே வந்ததில் தடுமாறிப் பின்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு கைக்குட்டைகூட இல்லை.

"என்னடி இது?"

"நான் எங்க அடுக்கினேன்? அந்தப் பச்சைக் குழந்தைகிட்ட இந்த நேரத்துல யார் போவாங்க?"

"அப்போ வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்க. அப்புறம் ஆயுசு முழுக்க, அவ சொல்லித்தான் நான் போகலன்னு உங்களுக்கு இருந்திருக்கும். நீங்க போட்டது. நீங்களே எடுத்தாதான் உங்களுக்கு ஆறும்."

"எடுக்கலேன்னா?"

"ஸ்டேஷன் வரைக்கும் கூடவே வந்து, அங்க பெட்டியைத் திறந்து காட்டியிருப்பேன்."

மகள் வீட்டில் இருந்திருக்க வேண்டிய நாட்களில் லிஃப்ட்காரர் காய்ச்சலில் கிடந்தார். மீசையோடு குடித்த டீயோ, யாரோ இருமிய லிஃப்டோ, எதுவோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி வலித்தது. ஆனாலும் போர்வைக்குள் சுருண்டு கிடந்தபடி, இது இங்கே, என் படுக்கையில் இருக்கிறது, அங்கே இல்லை என்று நினைத்து நினைத்து நிம்மதியாகத் தூங்கினார். இவ்வளவு சந்தோஷமாகக் காய்ச்சலில் படுத்த ஆளைத் தான் பார்த்ததே இல்லை என்று மருந்துக்கடைக்காரர்கூடச் சொன்னார்.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் முதல் வேலையாகக் கூடத்து மூலைக்குப் போனார். பெட்டியை அலமாரிக்கு மேல் ஏற்றப் பார்த்தார்.

"கை வைக்காதீங்க" என்றாள் மனைவி. "வெச்சது நான். நான்தான் எடுப்பேன்."

அவர் கையை எடுத்துவிட்டார். பெட்டி அங்கேயே இருந்தது. இந்தத் தடவை அவர் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஊரில் காய்ச்சல் ஓய்ந்து, பாப்பாவுக்குக் கன்னம் உப்பி, ஒரு காலையில் மகள் கூப்பிட்டு, "டாக்டர் சரின்னுட்டாங்க, இப்ப வாங்கப்பா" என்றாள். அன்று மனைவி பெட்டியைத் திறந்து கூடத்தின் நடுவில் போட்டாள். ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது அதைத் தூக்க லிஃப்ட்காரருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.