கண்ணாடி வருது, வழி விடுங்க

பேத்தி பிறந்து இரண்டு மாதமாகியும் கண்ணாடிக்காரர் அவளைக் கையில் வாங்கவில்லை. வருகிறவர் போகிறவரெல்லாம் தூக்கிக் கொஞ்சினார்கள். அவர் மட்டும் தொட்டிலுக்குத் தள்ளி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயெல்லாம் பல்லாகப் பார்ப்பார். தூக்கச் சொன்னால் சளி என்பார், கை ஈரம் என்பார்.

உண்மையில் அந்தக் கைதான் காரணம். ஜன்னலுக்கும் கடைக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்தியே தலை நரைத்தவர். வெட்டும்போது பறக்கிற பொடி கண்ணுக்குத் தெரியாது. தோலில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எத்தனை தரம் கழுவினாலும் ஒரு சில்லாவது எங்கேயோ ஒளிந்திருக்கும் என்று உள்ளுக்குள் ஒரு கிலி. பிஞ்சுத் தோலில் பட்டுவிட்டால்?

மறுநாள் காலை ரயிலில் மகள் குழந்தையோடு தன் ஊருக்குப் போகிறாள். பேத்தியை ஒரு தரமாவது தூக்காமல் அனுப்பிவிடுவோமோ என்பது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. கடைசி நாளாச்சே, காற்றாட வெளியே போகலாம் என்று மகள் சொல்ல, மனைவியும் சேர நால்வருமாக நகரத்தின் பழைய பூங்காவுக்கு வந்தார்கள்.

அது பூங்காவா, தனி ஊரா என்றே தெரியாது. எந்தக் காலத்து ராஜாவோ தனக்கென்று வைத்த மரங்கள். இப்போது ஊரே அவற்றின் அடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. மூக்குடைந்த கல்சிங்கத்தின் தலையில் புறா ஒன்று தூங்கியது. குளத்துப் படகுகள் தண்ணீரில் போகின்றனவா, மேகத்தில் போகின்றனவா என்று சந்தேகம் வந்தது. தூக்கத்தில் நடப்பதுபோல நடந்தார் கண்ணாடிக்காரர்.

மனைவி கேலியை விடவில்லை. "ஆளுயரக் கண்ணாடியத் தூக்கிட்டு மாடி மாடியா ஏறுவாரு. இந்தத் துளியூண்டு பிள்ளையக் கண்டா நடுக்கம்" என்று மகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

திடீரென்று மழை பிடித்தது. எல்லோரும் செடிகளுக்காகக் கட்டிய கண்ணாடி மண்டபத்தைப் பார்த்து ஓடினார்கள். மனைவிக்கு முழங்கால் வலி. வழுக்கும் பாதையில் தனியாக நடக்கமாட்டாள். மகள் குழந்தையைச் சால்வையில் சுற்றி அவரிடம் நீட்டினாள்.

"அப்பா, பிடிங்க. நான் அம்மாவக் கூட்டிட்டு வரேன்."

சளி, ஈரம் என்று சொல்ல நேரமில்லை. கைகள் தமக்குத் தெரிந்தபடி பிடித்தன: ஒன்று அடியில், ஒன்று முதுகும் தலையும் சேர, நட்டுக்குத்தலாக, உடம்பை விட்டுத் தள்ளி. கண்ணாடியைப் படுக்கவைத்துத் தூக்கினால் தன் கனத்திலேயே முறியும். நெஞ்சோடு அணைத்தால், தடுக்கும்போது தூக்குகிறவனையே வெட்டும். அடிமேல் அடி வைத்துக் கூட்டத்துக்குள் நுழைந்தார். வாய் தானாகத் திறந்தது.

"கண்ணாடி வருது, வழி விடுங்க. பாத்து, கண்ணாடி."

கூட்டம் பட்டென்று இரண்டாகப் பிரிந்தது. எங்கய்யா கண்ணாடி என்று ஒருவர் சுற்றுமுற்றும் தேடினார். பின்னால் வந்த மகள் சிரித்த சிரிப்பில் நடக்க முடியாமல் நின்றுவிட்டாள்.

மண்டபத்தில் இருந்ததெல்லாம் வாயால் ஊதிச் செய்த காலத்துக் கண்ணாடி. உள்ளே அலை அலையாக நெளிவு ஓடும். அதன்மேல் மழை வழிய, வெளியே மரங்கள் நீருக்கடியில் நிற்பதுபோல ஆடின. பச்சை வெளிச்சம் குழந்தையின் முகத்தில் நீந்தியது. கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். குளத்துக்கு மேலே நிற்கிறோமா, உள்ளே நிற்கிறோமா என்று அவருக்கு மறந்துபோயிற்று. கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

மனைவி மெல்ல அருகில் வந்தாள். "உடையாதுங்க. நெஞ்சோட சேத்துப் பிடிங்க."

"கையில ஏதாச்சும் ஒட்டியிருந்தா?"

"ரெண்டு மாசமா சோப்பு போட்டுப் போட்டுக் கையே தேஞ்சுபோச்சு. இனி ஒட்டுறதுக்கு அங்க என்ன இருக்கு?"

கொஞ்சம் கொஞ்சமாக அணைத்தார். சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே சூடாக ஒரு மூச்சு பட்டது. உள்ளங்கையை அவள் முதுகில் வைத்தார். எடுத்து, முகம் சுளிக்கிறாளா என்று பார்த்தார். கொட்டாவிதான் விட்டாள். மறுபடி வைத்தார். அவள் தூங்கிப்போனாள்.

ஒவ்வொருவராகக் கிளம்பி மண்டபம் காலியானது. தரையெங்கும் வெயில் விழுந்திருந்தது. மகள் கையை நீட்டினாள்.

"மழை விட்டிருச்சுப்பா. குடுங்க, போலாம்."

"எங்க விட்டுச்சு? தூறுது பாரு."

மகள் கூரையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவையும் இழுத்துக்கொண்டு கல்பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஆமாப்பா, நல்லாத்தான் தூறுது" என்றாள்.