சோப்பு அக்காவின் வெடித்த கைகள்

குறைமாதக் குழந்தைகள் வார்டில் அவளுக்குச் சோப்பு அக்கா என்றுதான் பேர். பதினாறு வருடமாக ஆயா வேலை. உள்ளங்கை அகலப் பிள்ளைகளைத் துடைத்து, துணி மாற்றி, பெற்றவள் நெஞ்சில் கொண்டுபோய்க் கிடத்துவது அவள்தான்.

ஒரு பிள்ளையைத் தொட்ட கையால் இன்னொன்றைத் தொடக் கூடாது. நடுவில் சோப்புப் போட வேண்டும், இல்லையென்றால் ஸ்பிரிட் தேய்க்க வேண்டும். எல்லோருக்கும் ஏதாவது ஒன்று போதும். அவளுக்குப் போதாது. சோப்புப் போட்ட ஈரம் காயுமுன் அதன்மேலேயே ஸ்பிரிட்டையும் ஊற்றிக்கொள்வாள். சேர்ந்த வருடம் ஒரு பிள்ளை கிருமி தாக்கி இறந்துபோனது. யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொண்டாள்.

விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. வெங்காயம் நறுக்கினால் உயிர் போகும். களிம்பு மட்டும் தடவமாட்டாள், பிசுக்கில் கிருமி ஒட்டுமாம்.

"கையாடி இது? உப்புத்தாள். கதவைத் தேய்க்கலாம்" என்பான் புருஷன்.

மாதாமாதம் எல்லோர் கையிலும் பஞ்சுக்குச்சியால் தடவி சோதனைக்கு அனுப்புவார்கள். இந்த மாதம் சிஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உக்காருங்கக்கா."

"வேலை கிடக்கு. சொல்லுங்க சிஸ்டர்."

"உங்க கையிலதான் கெட்ட கிருமி வந்திருக்கு. வேற யார்கிட்டயும் இல்ல."

"நல்லாருக்கு கதை! எந்நேரமும் தலையைக் கோதிக்கிட்டே திரியிறாளே புதுசா வந்தவ, அவ கையைப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு. சுத்தமா இருக்கு." சிஸ்டர் குரலைத் தணித்தாள். "தோல்மேல நமக்குக் காவலா நல்ல கிருமியும் குடியிருக்குங்கக்கா. நீங்க தோலையே உரிச்சு அதையும் விரட்டிட்டீங்க. வீடு காலின்னதும் கண்டதும் புகுந்து வெடிப்புக்குள்ள உக்காந்துடுச்சு."

அவள் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எந்தப் பிள்ளைக்காச்சும்...?"

"இல்ல. எல்லாத்தையும் பாத்துட்டோம். ஒண்ணுக்கும் இல்ல."

அப்புறம்தான் உட்கார்ந்தாள்.

புண் ஆறும்வரை பிள்ளைகளைத் தொடக் கூடாது என்றார்கள். வார்டு வாசலில் ஒரு நாற்காலி போட்டார்கள், வருகிறவர்கள் கை கழுவுகிறார்களா என்று பார்க்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். வீட்டில் புருஷன் களிம்பை எடுத்துத் தடவிவிட்டான். அவன் கேலி செய்யாததே அவளுக்குப் பயமாக இருந்தது.

ஐந்தாவது வாரம் சோதனையில் ஒன்றும் இல்லை. உள்ளே போனாள். சோப்புப் போட்டாள், கழுவினாள், ஒற்றித் துடைத்தாள். பழக்க தோஷம், கை தானாக ஸ்பிரிட் பாட்டிலுக்கு நீண்டது. பக்கத்தில் அந்தப் புதுசாக வந்தவள் தலையைக் கோதிக்கொண்டே நின்று பார்த்தாள்.

"ஒண்ணு போதும்க்கா."

"தெரியும்டி. உன் தலையை விட்டுக் கையை எடு முதல்ல."

பாட்டிலைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். அப்படியே போய்ப் பிள்ளையைத் தூக்கினாள்.