தேவகிக்கு ஆறடி

தேவகிக்குப் பரலோகத்தில் இடம் உறுதியாகிவிட்டது. ஆரணியில்தான் ஆறடி கிடைக்கவில்லை. புற்றுநோய் முற்றிவிட்டதென்று மருத்துவர் கைவிரித்த மறுநாளே எல்லா இடத்திலும் விசாரித்தாயிற்று. கணவன் இறந்த பிறகு அவள் ஞானஸ்நானம் எடுத்த சபை, வாடகை மாடியில் நடப்பது. அதற்குக் கல்லறை கிடையாது. கல்லறை உள்ள பெரிய மாதா கோயிலோ, தன் பதிவேட்டில் பெயரில்லாத பிணத்தை ஏற்காது.

"எரிச்சிட்டா கடைசி நாள்ல கர்த்தர் எதைங்க எழுப்புவாரு?" என்று பாஸ்டரைக் கேட்டாள்.

"மண்ணுல இருந்து படைச்சவருக்குச் சாம்பல் பெரிசாம்மா?" என்ற பாஸ்டர், அடுத்த கேள்வி வருவதற்குள் ஜல்தியாகக் கிளம்பிவிட்டார்.

மகன் வேணுகோபால் கட்டிலருகே உட்கார்ந்தான். "யம்மா, நம்ம ஜனங்க சுடுகாடுதான் கீது. சங்கு, மேளம் வேணாம்னு சொல்லிட்டேன். ஆனா கொளுத்தாம விடமாட்டாங்க."

"நீ ஏன்டா அழுதுகினு கீறே? எரியப்போறது நானு."

முப்பது வருடம் அவள் தறிதறியாகப் போய்ப் பாவு பிணைத்தவள். நெய்து தீர்ந்த பாவின் நுனியையும் புதுப் பாவின் நுனியையும், விரலில் சாம்பல் தொட்டு, இழை இழையாக முறுக்கிச் சேர்க்கிற வேலை.

"சாம்பல் தொடாம முறுக்குனா பட்டு வழுக்கும்டா," என்றாள். "எனக்கே தெரியுது. அவருக்குத் தெரியாதா?"

மகன் தலையாட்டினான். உள்ளே மருமகள் அடுப்பைப் பற்றவைத்தாள். அந்தச் சத்தத்துக்குத் தேவகி சட்டென்று காலை மடக்கிப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.