சுடர்விழியின் ஐந்து முகூர்த்தங்கள்

எங்கள் கடையின் முகூர்த்தப் பதிவேட்டின்படி, நன்னிலம் பக்கத்துச் சுடர்விழிக்கு 2023 ஆகஸ்டு 30 முதல் 2024 ஜனவரி 17 வரை ஐந்து முறை கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைகள் ஐந்து பேரும் வெவ்வேறு ஆட்கள். மணமகளின் பெயரும் கையெழுத்தும் மட்டும் மாறவில்லை.

தஞ்சாவூர் காந்திஜி சாலையில் உள்ள ஜவுளிக்கடை அது. ஐந்தாம் மாடி முழுவதும் முகூர்த்தப் பட்டு. சும்மா பார்க்க வருகிறவர்கள் நான்காம் மாடியோடு திரும்பிவிட வேண்டும். ஐந்தில் நுழைய, லிஃப்ட் வாசலில் இருக்கும் என் மேசையில் மணமகள், மணமகன், முகவரி, முகூர்த்தத் தேதி, உடன் வந்தோர் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதித் தர வேண்டும். வந்த நேரமும் போன நேரமும் நான் குறிப்பேன். முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள் முன்னதாக, மூலையில் மஞ்சள் தடவிய வாழ்த்து அட்டை ஒன்று கடையின் பெயரில் தபாலில் போகும். பதினோரு வருஷத்தில் ஒரு அட்டைகூடத் தவறியதில்லை.

சுடர்விழி அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு புவியியல் படித்தாள். உயரத்திலிருந்து ஊரைப் பார்ப்பதென்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பிறந்த ஊரில் தரை தோசைக்கல் மாதிரி. ஏறுவதற்கு இருந்தது ஒரு குடிநீர்த் தொட்டி. அதன் ஏணியில் கீழ்ப்படி ஏழையும் பஞ்சாயத்தில் அறுத்துவிட்டார்கள். அவள் ஓயாமல் ஏறியதால்தான் அறுத்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. தஞ்சாவூரில் விடுதி அறையாவது மாடியில் கிடைக்கும் என்று வந்தாள். கிடைத்தது தரைத்தளம். ஜன்னலைத் திறந்தால் மதில் சுவர்.

கையில் காசில்லாத மாணவி உயரத்துக்கு எங்கே போவாள்? மேம்பாலம் இலவசம், ஆனால் நின்றால் பின்னால் வரும் லாரியெல்லாம் ஹாரன் அடித்தது. ரயில் நிலைய நடைபாலத்துக்கு பிளாட்பாரம் டிக்கெட் எடுக்க வேண்டும், மாதம் ஒரு தடவைக்கு மேல் கட்டுப்படியாகாது. ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடி நன்றாக இருந்தது. பார்வையாளர் நேரத்தில் போகலாம், ஆனால் பார்ப்பதற்கு ஒரு நோயாளி வேண்டும். சுடர்விழியும் அவள் அறைத்தோழி, நாகூர்க்காரி ஃபஹ்மிதாவும், குடலிறக்க அறுவை செய்துகொண்ட காயாரோகணம் என்ற முன்பின் தெரியாத பெரியவரின் கட்டிலருகே மூன்று சாயங்காலம் உட்கார்ந்தார்கள். அவர் நெகிழ்ந்துபோய் நான்காம் நாள் பாதி ஹார்லிக்ஸ் பாட்டிலை இவர்களிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் ஐந்தாம் மாடி. மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதை ஒட்டி மெத்தை விரிப்பு. குளிர்சாதனம் உண்டு. கல்யாண வீட்டார் என்றால் காப்பியும் உண்டு.

இரண்டாம் தடவையே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பதிவேட்டில் சந்தேகத்துக்குப் பத்தி கிடையாது. அதனால் எழுதவில்லை.

மூன்றாம் தடவை, அக்டோபர் 11, கிட்டத்தட்ட மாட்டிக்கொண்டாள். லிஃப்டைத் திறந்துவிட்ட விற்பனையாளரின் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்து, மணமகன் பத்தியில் ‘திருமுருகன்’ என்று எழுதினாள். அந்தத் திருமுருகனே புடவை விரித்தபடி கேட்டார்:

“கல்யாணம் எப்பம்மா?”

“மார்கழி ஏழு.”

திருமுருகன் கை அப்படியே நின்றது. “மார்கழியிலயா?”

ஃபஹ்மிதா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உதவிக்கு வந்தாள். “அவங்க வீட்ல கொஞ்சம் அவசரம்ணே.”

அது உதவியாக இல்லை.

“தை, தை! தை ஏழுன்னு சொல்ல வந்தேன்” என்றாள் சுடர்விழி.

ஐந்தாம் தடவை தவறு என்னுடையது. முதல் நான்கு தடவையும் விடுதி முகவரியைத்தான் எழுதியிருந்தாள். “ஹாஸ்டல்ல யாரும்மா பந்தல் போடுவாங்க? கல்யாண வீட்டு முகவரி எழுது” என்றேன். கல்யாணம், மாப்பிள்ளை, தேதி எல்லாவற்றையும் கற்பனையாக எழுதியவள், முகவரியை மட்டும் கதவு எண், பின்கோடு உட்பட உண்மையாக எழுதிக் கொடுத்தாள். தேதி மாசி ஒன்பது. பிப்ரவரி 12 அன்று அட்டையைத் தபாலில் சேர்த்தேன்.

பிப்ரவரி 14, புதன்கிழமை, மாலை 5.32. லிஃப்ட் திறந்தது. ஒரு அம்மாள், கையில் அட்டை. பின்னால் சுடர்விழி, கையில் பெட்டி.

“கல்யாணம் எழுதற ஐயா யாருங்க?”

“நான்தாம்மா. உக்காருங்க.”

“உக்கார வரலீங்க. அறுவடை மெஷின வயல்ல நிறுத்திட்டு வந்துருக்கேன். நான் அம்சம், இவளப் பெத்தவ. எம்பொண்ணுக்கு மாசி ஒம்பதுல கல்யாணமாம். தபால்காரரு படிச்சுட்டுத்தான் கையில குடுத்தாரு. பந்தல் எங்க, சமையல் யாருன்னு தெருவே கேக்குது. எனக்கு மாப்ள யாருன்னே தெரியல.”

“மாப்ளையே இல்லம்மா” என்றாள் சுடர்விழி.

“இல்லாத மாப்ளைக்கு அட்ட அடிப்பாங்களாடி? படிச்சது போதும். ஏழு மணி பஸ்ஸுக்கு ஊருக்குப் போறோம்.”

சுடர்விழி என்னைப் பார்த்தாள். பெட்டியில் மூன்று செமஸ்டர் புத்தகங்கள் இருந்தன, நான்காவது நடந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே உதவி பதிவேட்டைத் திறப்பது. திறந்து முதலிலிருந்து படித்தேன்.

“ஆகஸ்டு முப்பது, மணமகன் பரிதி. செப்டம்பர் பதிமூன்று, மணமகன் பகலவன்.”

“ரெண்டா!”

“மொத்தம் அஞ்சும்மா. அக்டோபர் பதினொன்று, மணமகன் திருமுருகன்.”

புடவை மடித்துக்கொண்டிருந்த திருமுருகன் நிமிர்ந்தார். அம்சம் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“இந்த ஆளா?”

“ஐயோ, நான் இல்லீங்க! எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குங்க!”

நிலைமை மோசமானது. நான் அவசரமாக அடுத்த பத்திகளுக்குப் போனேன். “கேளுங்கம்மா. உடன் வந்தோர், அஞ்சு தடவையும் ஒருவர், பெயர் ஃபஹ்மிதா. ஆண்கள் யாரும் வரல. ஜனவரி பதினேழு, வந்தது 5.38, போனது 6.15. அன்னிக்குப் பொழுது சாஞ்சது 6.08. அஞ்சு தடவையும் இப்படித்தான். பொழுது சாஞ்சு பத்து நிமிஷத்துக்குள்ள கிளம்பிருக்கு. கல்யாணப் பொண்ணு ஒரு தடவையாவது புடவையத் தோள்ல போட்டுப் பாக்கும். இது போட்டதில்ல.”

“புடவை பக்கம் திரும்பினதே இல்லீங்க” என்றார் திருமுருகன், கொஞ்சம் வருத்தத்தோடு.

“அப்ப இங்க எதுக்குடி வந்த?”

வெயிலுக்காக அன்று திரை போட்டிருந்தது. சுடர்விழி பெட்டியை வைத்துவிட்டுப் போய்த் திரையை இழுத்தாள்.

“இதுக்குத்தாம்மா.”

பெரிய கோயில் விமானத்துக்கு இரண்டு விரல்கடை தள்ளிச் சூரியன் நின்றது. கீழே பேருந்துகள் ஓசையில்லாமல் ஊர்ந்தன. புதாற்றுக் கால்வாயின் கரை மரங்கள் ஒரே கோடாகத் தெரிந்தன. அம்சம் கண்ணாடி வரை போனார். நெற்றி முட்டியது.

“இந்த ஊர்ல இவ்ளோ மரம் இருக்கா?”

“ம்.”

“கீழருந்து பாத்தா கடையும் கண்ணியுமாத்தான் தெரியுது.” கண்ணைச் சுருக்கினார். “அதோ, அங்க அறுத்துட்டான். பக்கத்து வயலு இன்னும் நிக்குது. ஆள் கெடைக்கல போல.”

அம்சம் மெத்தையில் உட்கார்ந்தார். மணி 5.51. காப்பி வந்தது. வாங்கிக்கொண்டார். பழக்க தோஷத்தில் திருமுருகன் ஒரு புடவையை எடுத்தபடி கேட்டார்:

“முகூர்த்தம் எப்பம்மா?”

சுடர்விழி கண்ணை மூடிக்கொண்டாள். அம்சம் ஒரு வாய் குடித்தார். சூரியனைப் பார்த்தார், அது இறங்க இன்னும் நேரம் இருந்தது.

“வைகாசி பதிமூணு. அரக்குல எடுங்க தம்பி. அவசரமில்ல, ஒவ்வொண்ணா விரிங்க.”

நான் நாட்காட்டியைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, தேய்பிறை முகூர்த்தம். தாய்க்குத் தேதி தெரிந்திருந்தது. பேனாவை எடுத்தேன்.

“மணமகன் பேரும்மா?”

“பாத்துக்கிட்டுருக்கோம்னு எழுதுங்க. இவ படிப்பு முடியற வரைக்கும் பாத்துக்கிட்டுத்தான் இருப்போம்.”

“முகவரி?”

“ஹாஸ்டலே போடுங்க. அந்தத் தபால்காரருக்கு இன்னொரு தடவ என்னால பதில் சொல்ல முடியாது.” மகளிடம் திரும்பினார். “கெளம்பறப்ப பொட்டிய மறந்துடாத. அறையில வச்சிட்டு என்னை பஸ் ஏத்திவிடு. ஏழு மணி பஸ் போனா அடுத்தது இருக்குல்ல?”

“எட்டேகாலுக்கு இருக்கும்மா.”

அன்று பொழுது சாய்ந்தது 6.21. அவர்கள் போனது 6.44. பதிவேட்டில் சுடர்விழி பெயரில் உள்ள ஆறு வரிகளில் அதுவே அதிக நேரம். பதினேழு புடவைகள் விரிக்கப்பட்டன. உடன் வந்தோர்: ஒருவர், தாயார்.

மே 17 அன்று விடுதி முகவரிக்கு அட்டையை அனுப்பிவைத்தேன், மணமகன் பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டு.