ஆறு பொத்தான்கள், ஒரே முகவரி

கனகவல்லி பதினோரு ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு, நாற்பத்திரண்டாம் வயதில் மறுபடி வேலைக்குப் போனவள். கணவர் மஹாதேவனுக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். வங்காளத்துக்கு மாற்றலாகி வந்து, டாக்குரியா என்ற பகுதியில் குடியிருந்தார்கள். மகள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் ஆன்லைன் வகுப்பில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழி படித்தாள். நியூ டவுனில் ஒரு சின்ன கம்பெனி, ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொல்லி அவளைச் சேர்த்துக்கொண்டது.

படித்ததில் கால்பேக், க்ளோஷர் என்ற இரண்டு மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை. இன்டர்வியூவில் விளக்கத்தை மனப்பாடமாக ஒப்பித்துத் தப்பித்திருந்தாள். பிறகு அவை குறுக்கிட்ட இடங்களிலெல்லாம், பக்கத்து இருக்கையில் இருந்த திருநெல்வேலிக்கார நரேன் கைகொடுத்தான். "இத அப்படியே போட்டுருங்கக்கா, ஓடும்" என்பான். ஓடும். ஏன் ஓடுகிறது என்று கேட்க அவளுக்குக் கூச்சம்.

ஐந்தாவது மாதம் தனியாக ஒரு வேலை வந்தது. வீடுகளுக்கே போய் ரத்தம் எடுக்கும் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கான இணையப் பக்கம் அது. அன்று பார்க்கவேண்டிய ஆறு பேரின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பொத்தான். தொட்டால் அவர் முகவரி வரவேண்டும். கனகவல்லி ஒரே ஒரு பெயரை வைத்துப் பார்த்துவிட்டுச் சரியென்று அனுப்பிவிட்டாள். வெள்ளோட்டத்தன்று காலை அலிப்பூரிலிருந்து பரிசோதனைக் கூடத்தின் ஊழியர் போன் செய்தார். யார் பெயரைத் தொட்டாலும் ஆறாவது ஆளின் முகவரிதான் வருகிறதாம்.

டீம் லீட் ஷர்மிஷ்டா கோபப்படவில்லை. பன்னிரண்டு மணிக்குள் சரியாக வேண்டும், காரணமும் தெரியவேண்டும் என்று வங்காளமும் ஆங்கிலமுமாகச் சொன்னாள். நரேனோ ஊருக்குப் போகும் ரயிலில் இருந்தான். போன் கிடைக்கவில்லை.

கனகவல்லி படிக்கட்டுப் பக்கம் போய்க் கணவரை அழைத்தாள். "எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு இன்னிக்கு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். விட்டுடறேன் வேலைய."

"விடறத சாயங்காலம் பேசிக்கலாம்," என்றார் மஹாதேவன். "இப்ப அது என்ன பண்றதுன்னு மட்டும் பாரு."

இருக்கைக்குத் திரும்பி அதைத்தான் செய்தாள். அவள் எழுதியிருந்தது, பெயருக்கு ஒரு சுற்றாக ஆறு சுற்று ஓடிப் பொத்தான்களை வைக்கும் நிரல். ஒவ்வொரு சுற்றிலும் பெயரை அச்சிடு, சுற்று முடிந்ததும் 'முடிந்தது' என்று அச்சிடு, பொத்தானைத் தொட்டால் 'தொட்டாச்சு' என்பதையும் பெயரையும் அச்சிடு என மூன்று வரிகள் சேர்த்தாள். ஓடவிட்டதும் ஆறு பெயர்களும் வந்தன, 'முடிந்தது' வந்தது. பிறகு ஒன்றுமில்லை. முதல் பொத்தானைத் தொட்டாள். 'தொட்டாச்சு', அதன்கீழே ஆறாவது பெயர்.

தான் எழுதிய வரிகளை மேலிருந்து மறுபடி படித்தாள். பொத்தானிடம் அவள் கொடுத்த ஃபங்ஷன், அதாவது முகவரி காட்டும் கட்டளைத் தொகுப்பு, கொடுத்த மாத்திரத்தில் ஓடவில்லை. யாராவது தொடும்போதுதான் அது கூப்பிடப்படுகிறது. கால்பேக் என்பது இவ்வளவுதான். அதற்குள் சுற்று எப்போதோ முடிந்துவிடுகிறது. முடிந்த பிறகும் அந்த ஃபங்ஷனுக்குப் பெயர் எப்படித் தெரிகிறது? தான் பிறந்த இடத்திலிருந்த மாறியை, பெயர் போட்டுவைக்கும் அந்தப் பெட்டியை, அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதுதான் க்ளோஷர். மதிப்பை நகலெடுத்து வைத்துக்கொள்ளவில்லை, மாறியையே பிடித்திருக்கிறது. அவள் மாறிக்கு முன்னால் 'வார்' என்ற சொல்லைப் போட்டு எழுதியதால் ஆறு சுற்றுக்கும் சேர்த்து ஒரே மாறி. அதில் கடைசியாக விழுந்தது ஆறாவது ஆள்.

'வார்' இருந்த இடத்தில் 'லெட்' போட்டாள். இப்போது சுற்றுக்கு ஒரு புது மாறி. ஆறு பொத்தான்களும் ஆறு முகவரிகளைக் காட்டின. நம்பாமல் பழையபடி மாற்றினாள். தப்பு வந்தது. மறுபடி திருத்தினாள், போனது. வேண்டும்போது அந்தத் தப்பை வரவழைக்க முடிந்ததில்தான் அவளுக்கு உயிர் வந்தது.

பதினொன்றே முக்காலுக்கு ஷர்மிஷ்டாவிடம் போய், தெரிந்த வங்காளத்தில் காரணத்தைச் சொன்னாள். போன மாதம் செய்த இன்னொரு பக்கத்திலும் இதே கோளாறு இருப்பதாகத் தானாகவே சொன்னாள். ஷர்மிஷ்டா நிமிர்ந்து பார்த்தாள். "நல்லவேளை. அதையும் இன்னிக்கே மாத்திடு," என்றுவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினாள். மதியம் அலிப்பூர்க்காரர் போன் செய்து, எல்லாம் சரியாக வருகிறது என்றார்.

மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்தவள் அயர்ந்து தூங்கிவிட்டாள். கண்விழித்தபோது டாக்குரியா தாண்டி பஸ் ஜாதவ்பூரில் நின்றுகொண்டிருந்தது. இறங்கி, ஆட்டோ பிடிக்கத் தோன்றாமல், வந்த வழியே சாவகாசமாக நடந்தாள்.