மூன்றாவது முறை வந்த வெள்ளைப் பூ

முருகன் அடியார்கள் அனைவருக்கும் வணக்கம். நான் கிள்ளான் பக்கம் காப்பார் என்ற ஊரில் லோரி ஓட்டுபவன். இங்கே சொல்லப்போவது என் பக்தியின் பெருமை அல்ல, என் மடத்தனம். அதையும் பொறுத்துக்கொண்டு அவன் பதில் சொன்னான், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தைப்பூசம். நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து, அலகு குத்திப் பத்துமலைப் படியேறினேன். ஒரு சொட்டு இரத்தம் இல்லை, ஒரு தழும்பு இல்லை. அந்த உடம்பின் மேல் எனக்கு அவ்வளவு திமிர். விரதம் முடிந்த மறுநாளே ஆட்டிறைச்சியும் பீருமாக உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் நாள் மேல்வயிற்றில் பிடித்த வலி முதுகு வரை துளைத்தது. கணையம் வீங்கியிருக்கிறது என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள்.

சில வாரங்களில் காய்ச்சல் ஏறியது. கணையத்தில் ஒரு பகுதி செத்துச் சீழ் பிடித்துவிட்டது, வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றார் அறுவை டாக்டர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உயிர்ப் பயத்தால் அல்ல. முழ நீளத் தழும்போடு, வெற்று மார்பில் எப்படிக் காவடி எடுப்பது என்ற கவலை. இப்படியும் ஒரு பிறவி.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்த என் மச்சான் தூபம் போட்டார். அவருடைய பித்தப்பையை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சின்ன ஓட்டைகள் போட்டு எடுத்திருந்தார்கள். அப்போது அது புதுசு. கல்யாண வீடு, சாவு வீடு பார்க்காமல் சட்டையைத் தூக்கி நாலு புள்ளியைக் காட்டுவார். அலகு போல ஓட்டை, தழும்பு இல்லாத வேலை, இதுதான் முருகன் வழி என்று நானும் முடிவுகட்டினேன்.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார்.

“பித்தப்பை முன்னால தொங்குற பை லா. ஓட்டை போட்டு எடுத்திடலாம். கணையம் இரைப்பைக்குப் பின்னால, முதுகோட ஒட்டிக்கிட்டு இருக்கு. இப்ப எங்ககிட்ட இருக்கிற வழி, திறந்து கைய விட்டு எடுக்கிறதுதான்.”

எனக்கு அவர் பழைய ஆள், ஒன்றும் தெரியாதவர். லோரி ஓட்டுகிறவனுக்கு எல்லாம் தெரியும். சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கிள்ளான் கோயிலில் பூ கேட்டேன். வெள்ளை என்றால் ஓட்டை, சிவப்பு என்றால் கத்தி. இரண்டு பொட்டலங்களைச் சந்நிதியில் வைத்து, பூசாரியை ஒன்றை எடுத்துத் தரச் சொன்னேன். சிவப்பு. மனசு சரியாக ஒருமிக்கவில்லை என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் சிவப்பு. பூசாரி முகம் சுளித்தார். மூன்றாவது முறை வெள்ளை. முருகன் உத்தரவு கொடுத்துவிட்டான் என்று எல்லோரிடமும் சொன்னேன், முந்தின இரண்டையும் விழுங்கிவிட்டு.

மச்சானின் டாக்டர் என் வயிற்று ஸ்கேன் படத்தைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார். கணையத்தில் அப்படிச் செய்வதில்லை, உடனே திரும்பிப் போங்கள் என்றார். நான் போகவில்லை. உத்தரவு வாங்கியவன் அல்லவா! மறுநாள் காலை குளிரில் கட்டில் ஆடும்படி நடுங்கினேன். “முருகா, காப்பாத்து” என்று அழுதேன். என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அவர் மொத தடவையே காப்பாத்திட்டாரு. நீங்கதான் கேட்கல. கோயில்ல நான் பின்னாலதான் நின்னேன்.”

அந்த வார்த்தை வலியைவிட ஆழமாகக் குத்தியது. அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். அதே டாக்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. வயிற்றைத் திறந்து, அழுகியதை எல்லாம் வழித்தெடுத்து, குழாய்கள் வைத்தார். நடக்கவே மாதங்கள் ஆயின. சர்க்கரை வியாதி மிச்சம். உயிர் இருக்கிறது. அது முருகன் போட்ட பிச்சை.

சின்ன ஓட்டையை நான் குறை சொல்லவில்லை. மச்சானுக்கு அது சரி, எனக்கு இது சரி. நோய் எங்கே இருக்கிறது என்று பார்த்தவருக்குத்தான் வழி தெரியும், சட்டையைத் தூக்கிக் காட்டுகிறவருக்கு அல்ல.

அதற்குப் பிறகு குடியைத் தொடவில்லை. அடுத்த தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தேன், சட்டை இல்லாமல். தழும்பைப் பார்த்து மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மூடவில்லை.

நம்பிக் கேளுங்கள், அடியார்களே. அவன் பதில் சொல்வான். ஆனால் ஒரு தடவை மட்டும் கேளுங்கள். வந்த பூவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.