மகளுக்குப் பேர் விழும் நாள்

திங்கட்கிழமை காலை ஐந்தேகாலுக்கு, மடுல்சீமையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில் நானும் மகள் ஜெசிந்தாவும் ஏறினோம். ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர்தான். பாதை ஒழுங்காக இருந்தால் இரண்டு மணி நேரம். அவளுக்கு ஒன்பது மணிக்குப் பல்கலைக்கழகத்தில் நேர்முகப் பரீட்சை.

காடு வளர்ப்பும் சுற்றாடலும் படித்தவள். அங்கேயே மூன்று வருடமாகத் தற்காலிகமாகப் பாடம் எடுக்கிறாள். வருடம் முடிந்தால் வேலையும் முடியும். மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இப்போது நிரந்தர விரிவுரையாளர் இடம் ஒன்று இருக்கிறது. "தொணைக்கு வாங்கப்பா" என்றாள். ஐந்தாம் வகுப்போடு தேயிலை மலைக்குப் போனவன் நான். என்ன துணை செய்வேன்?

பசறையைத் தாண்டியதும் பஸ் நின்றது. மழையில் மேட்டு மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. ஓர் இயந்திரம் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. நான் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவளோ இறங்கிச் சரிவைப் பார்க்கப் போய்விட்டாள்.

"மிஸ், மண்ணு சரிஞ்சா ஆளுங்க ஓடுவாங்க. நீங்க கிட்டப் போறீங்க" என்றார் கண்டக்டர்.

"இதப் பத்தித்தான் படிப்பிக்கிறேன் அண்ணே. மேல மரத்த வெட்டியிருக்காங்க, வேரெல்லாம் உக்கிப் போச்சு."

"சேலையில சேறு படும், வா புள்ள" என்று கூப்பிட்டேன்.

பதுளைக்கு வந்தபோது எட்டரை. அவள் பல்கலைக்கழகத்துக்குள் போனாள். எனக்குக் கூச்சம், கேற்றுக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். முதலாளி அக்கரைப்பற்றிலிருந்து புதிதாக வந்து கடை போட்டவர்.

"என்ன அண்ணே, தேத்தண்ணி ஆறுது. யோசனையா?"

"மகளுக்கு இன்னைக்குப் பேரு விழணும் முதலாளி. அரைப் பேரு விழுந்துறக் கூடாது."

"இவ்வளவு நாளும் புள்ளைக்குப் பேர் வைக்காமலா இருந்தீங்க? அதுவும் அரைப் பேரா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு விளக்கினேன். எங்கள் தோட்டத்தில் சொன்ன அளவு கொழுந்து பறித்தால் அன்றைக்குக் கணக்குப் புத்தகத்தில் முழுப் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம். மூன்று வருடமாக இவளுக்கு விழுவது அரைப் பேர்தான் என்று எனக்குத் தோன்றும்.

முதலாளி சிரிப்பை நிறுத்திவிட்டார். "அப்ப முழுப் பேருக்கே அல்லாஹ்க்கிட்ட துஆக் கேப்பம்" என்றார்.

பதினொரு மணிக்கு மேல் வெளியே வந்தாள்.

"என்னா சொன்னாங்க?"

"இப்பச் சொல்ல மாட்டாங்கப்பா. கடிதம் வரும். வேலை குடுத்தா, பிஎச்டி படிக்க வெளிநாட்டுக்குப் போவீங்களான்னு கேட்டாங்க. போவேன்னு சொன்னேன். பின்லாந்துல ஒரு பேராசிரியர் என்னைச் சேத்துக்கிறதாச் சொல்லியிருக்காரு."

"எத்தன நாளு?"

"நாளா? நாலு வருசம்."

பிற்பகல் அவளுக்கு வகுப்பு இருந்தது. பஸ் நிலையம் வரை வந்து என்னை ஏற்றிவிட்டாள். வேலை கிடைக்க வேண்டும் என்று வழி முழுக்க மாதாவிடம் மன்றாடிக்கொண்டு வந்திருந்தேன். இப்போது எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

"பாத்துப் போங்கப்பா" என்றாள் ஜன்னலருகே வந்து.

"அங்க நம்ம ஊர விடக் குளிருமா?"

"நல்லாக் குளிரும்பா."

பஸ் நகர்ந்தது. "போயிட்டு வா" என்றேன். போய்க்கொண்டிருந்தது நான்.